பின்னேரத்து மனிதன்

"ஓட்டோ வந்திட்டுது. எழும்புங்கோ," என்றாள் றீட்டா.

நான் எழும்பவில்லை.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அன்று செவ்வாய்க்கிழமை. நேரம் விடிய ஐந்தரை இருக்கும். ரயில் ஒன்று போய்விட்டிருந்தது. அது போன பிறகும் ஜன்னல் கண்ணாடி சற்று நேரம் நடுங்கும். கீழே, எங்களை வழக்கமாக ஏற்றிப்போகும் நிஹாலின் ஓட்டோ எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. என் மனைவி றீட்டா என்னுடைய காற்சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிலோரத்தில் நின்றாள்.

எனக்கு வயது எழுபத்தாறு. கை கால்கள் சுகமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் காற்சட்டைக்குள் காலை விடுவது, ஒரு கப்பலைக் கயிறு கட்டித் தனியாளாக இழுப்பதுபோல் இருந்தது.

"இண்டைக்கு ஏலாது. அடுத்த கிழமை போவம்."

"அடுத்த கிழமையும் இதைத்தான் சொல்லுவீங்கள்."

"மழை வாற மாதிரிக் கிடக்கு."

"மழை இல்லை. நான் எட்டிப் பாத்தனான்."

ஏழு மணிக்குள் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநோய் கிளினிக்கில் நம்பர் எடுக்கவேண்டும். காலையில் என்னைப் பார்க்காமல் மருந்தை மாற்றமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்போது குடித்துக்கொண்டிருந்த மருந்திலோ நான் கிழமைக்குக் கிழமை கீழே போய்க்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியும், றீட்டாவுக்கும் தெரியும்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

நாலு மணி

இந்தப் பத்திரிகைத் தொடரில் போன கிழமை நான் எழுதிய துறைமுகக் கதையைப் படித்துச் சிரித்ததாக ஹெந்தளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "ஐயா, உங்களைப்போல் எப்போதும் கலகலப்பாக இருக்க என்ன வழி?" என்றும் கேட்டிருந்தார். அவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரின் ஒவ்வொரு வரியும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எழுதப்பட்டது. அதற்கு முன் இருக்கும் மனிதனை அவர் சந்தித்ததில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு யாரோ தோளில் தட்டியதுபோல் விழிப்பு வரும். கண்ணைத் திறக்கும் முன்பே வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கீழே விழும். என்ன பயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பயம் முதலில் வந்துவிடும். அதற்கான காரணத்தை மனம் பிறகுதான் தேடப் போகும். மெல்பேர்னில் இருக்கும் மகள் காரில் எங்கேயும் மோதியிருப்பாளோ. கேஸ் அடுப்பை மூடினேனா. பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு பத்திரத்தில் பிழையாகக் கையெழுத்து வைத்தேனோ. கை விரல்கள் குளிரும். காகங்கள் தொடங்கும். ரொட்டி விற்கும் பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். மேல்மாடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ஊர் எழும்பும் ஒவ்வொரு சத்தமும் என்னைக் குறித்த முறைப்பாடுபோல் காதில் விழும்.

ஒன்பதரை, பத்து மணிவரை இப்படி. பிறகு மெல்ல இறங்கும். பகல் சோற்றுக்கு நான் பாதி ஆள். நாலு மணிக்கு முழு ஆள். ஆறு மணிக்கு என்னைப்போல் பகிடி விட்டுச் சிரிக்கவைக்க இந்த ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

ஏன் இப்படி என்று டொக்டரிடம் பிறகு கேட்டேன். மனச்சோர்வு என்ற இந்த வருத்தத்தில் சிலருக்குக் காலைதான் மோசம், அது உடம்பின் மணிக்கூட்டோடு சேர்ந்த விஷயம், சோம்பல் இல்லை என்றார். கடைசிச் சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது அழுத்தமாகக் கேட்டது.

"தைரியமா இருங்கோ" என்று றீட்டா ஒருநாளும் சொன்னதில்லை. "காலை நிலத்தில வையுங்கோ," என்பாள். அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து, "முகத்தைக் கழுவுங்கோ." பிளேன் டீயைக் கட்டிலுக்குக் கொண்டுவர மாட்டாள். குசினி மேசையில் வைப்பாள். வேண்டுமென்றால் நடந்து போகவேண்டும். அங்கே ஒரு தட்டில் சின்ன வெங்காயம் இருக்கும்.

"பத்து உரியுங்கோ. பதினொண்டு வேண்டாம்."

பத்து உரித்து முடிய அரை மணித்தியாலம் போய்விடும். அந்த நேரம் அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், ஒன்றும் கேட்கமாட்டாள். இதையெல்லாம் மகள் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

கொலோன் பூசிய நோயாளி

கொழும்பில் பெரிய டொக்டர்கள் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்வார்கள். பின்னேரத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளில் இருப்பார்கள். காசைக் கட்டி, நம்பர் எடுத்து, அங்கே போய் அவர்களைப் பார்ப்பதை நாங்கள் "சனல் பண்ணுவது" என்போம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வருத்தம் என்றால் சனல்தான். வேறு யோசனையே வராது.

என் நம்பர் எப்போதும் ஏழு மணியை அண்டித்தான் வரும். சவரம் செய்து, ஸ்திரி போட்ட சேர்ட் அணிந்து, கொலோன் பூசிக்கொண்டு போவேன்.

"எப்பிடி அங்கிள்?" என்பார் டொக்டர். என் மகளைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார்.

"பழைய கப்பல், டொக்டர். எஞ்சின் சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்குது. மற்றும்படி ஓடுது."

அவர் சிரிப்பார். ஐந்து நிமிடம். அதே குளிசை. அடுத்த மாதம் வாருங்கள். மூன்று மாதம் இப்படிப் போனது.

நாலாம் முறை, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு எப்போதும் பேசாமல் இருக்கும் றீட்டா வாயைத் திறந்தாள்.

"டொக்டர், நீங்க பாக்கிறது பின்னேரத்து மனிசனை. காலமை எங்கட வீட்டில வேற ஒராள் இருக்கிறார்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "எப்பிடி வேற ஆள்?"

"சாப்பிடமாட்டார். கதைக்கமாட்டார். போன கிழமை குளிக்கப் போனவர், பைப்பைத் திறந்துவிட்டிட்டு உடுப்போட வாளிக்குப் பக்கத்தில குந்தி இருந்தவர். முக்கால் மணித்தியாலம். நான்தான் போய்த் தூக்கினனான்."

"இவ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா, டொக்டர்," என்றேன் நான். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. "அப்ப அந்த மற்ற ஆளை எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கோ, அங்கிள். செவ்வாய்க்கிழமை காலமை எனக்கு கிளினிக். ஏழு மணிக்கு முதல் நம்பர் எடுக்கவேணும். அவரைப் பாக்காம நான் மருந்தை மாத்தமாட்டன்."

இந்த வார்த்தைகளை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில்

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்தோம். நான் ஒரு கப்பல் கம்பனியில் வார்ஃப் கிளார்க். நாலரைக்கு எழும்பி, ஆறு மணிக்குத் துறைமுக வாசலில் நிற்பேன். அதில் எனக்குப் பெருமை. மகள் சிறுமி. இரண்டாவது பிள்ளை தங்காமல் போன வருடம் அது.

றீட்டாவால் காலையில் எழும்ப முடியவில்லை.

நான் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு ரேடியோவை முழுச் சத்தத்தில் போட்டேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். போர்வையை இழுத்து எறிந்தேன். மகளுக்கு முன்னால் அவளைச் சோம்பேறி என்றேன். ஒரு டிசம்பர் மாத நத்தார் விருந்தில் என் ஒபிஸ் ஆட்களுக்கு, "என்ட மனிசிக்குப் பத்து மணிக்குத்தான் சூரியன் உதிக்கும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேக் தட்டோடு நின்ற றீட்டாவும் சிரித்தாள்.

பிறகு அவளுடைய அண்ணன் சொல்லித்தான் ஒரு டொக்டரிடம் சனல் பண்ணினேன். பின்னேரம் ஆறரை. அவளும் முகம் கழுவி, பவுடர் போட்டு, சாறியை ஒழுங்காக உடுத்திருந்தாள். அந்த வயதான டொக்டர் அவளைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன். நித்திரை வருமா? "வரும், டொக்டர். அதுதானே பிரச்சினை." சாப்பாடு? "பிரச்சினை இல்லை." மனசு எப்படி? "நல்லாத்தான் இருக்கிறா. பிடிவாதம்தான் கொஞ்சம்."

அவர் என்னை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இவவை நான் காலமை பாக்கவேணும். என்ட ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம் டொக்டர். கட்டாயம்," என்றேன்.

கூட்டிக்கொண்டு போகவில்லை.

கேட்டவர்களுக்கு நான் சொன்ன காரணம், அது யுத்தமும் சோதனைச் சாவடிகளுமான காலம், காலையில் ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் கூட்டிப்போவது ஆபத்து என்பது. பொய். அதே சாவடிகளைத் தாண்டி நான் நாள்தோறும் வேலைக்குப் போனேன். உண்மையான காரணம், அந்த கிளினிக் வரிசை வீதிவரை நீண்டு நிற்கும். பஸ்ஸில் போகும் என் ஒபிஸ் ஆட்கள் கண்டுவிடுவார்கள்.

அன்று டொக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவரும்போது பஸ்ஸில் அவளிடம், "அங்க விசர் பிடிச்ச ஆக்களோட வரிசையில நிக்கப்போறியே?" என்று கேட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே, "வேண்டாம்," என்றாள்.

சில மாதங்களில் அவள் தானாகவே எனக்கு முன்னால் எழும்பத் தொடங்கினாள். நான் குளித்துவிட்டு வரும்போது தேத்தண்ணி தயாராக இருக்கும். "கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா எல்லாம் சரிவரும்," என்று ஒபிஸில் இளம் கணவன்மாருக்குப் புத்தி சொன்னேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனையோ தடவை முழந்தாளிட்டிருக்கிறேன். கோபப்பட்டேன் சுவாமி, பொய் சொன்னேன் சுவாமி, ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனேன் சுவாமி. இதை ஒருநாளும் சொல்லவில்லை. மறைத்ததாகச் சொல்லமுடியாது. பாவப் பட்டியலில் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

சாரத்தோடு

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கீழே நிஹால் இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டான். றீட்டா காற்சட்டையைக் கதிரையில் போட்டாள்.

"சரி. கிளினிக்குக்குப் போகவேண்டாம். ஓட்டோவில ஏறி இருங்கோ. அவ்வளவுதான்."

"சவரம் செய்யேல்லை."

"செய்யவேண்டாம்."

"வீட்டில கட்டுற சாரத்தோட எப்பிடி…"

"சாரத்தோடயே வாங்கோ. நான் காலமை பாக்கிற ஆளைத்தானே டொக்டரும் பாக்கவேணும்?"

காலை நிலத்தில் வைத்தேன். லிஃப்டுக்குள் கண்ணாடி இருக்கிறது. அதைப் பார்க்காமல் நின்றேன். நிஹால் என்னைச் சாரத்தோடும் நரைத்த தாடியோடும் கண்டது அதுதான் முதல் தடவை. ஒரு கணம் திகைத்துவிட்டு, சிங்களம் கலந்த தன்னுடைய தமிழில், "அங்கிள், பய வேணாம். நா மெதுவா போறது," என்றான்.

பிரதான வீதியான காலி வீதியில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது. எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை. ஓட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ நின்றதும் றீட்டா ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தாள். தனியே இருக்கப் பயந்து நானும் பின்னால் போனேன்.

"மாத்தயா, நம்பர் எக கத்தத?" என்றார் வாசலில் நின்ற சிற்றூழியர். ஐயா, நம்பர் எடுத்துவிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். நாற்பத்திமூன்று கிடைத்தது. வாசல் கடையில் வாங்கிய கொப்பியில் பெயரும் வயதும் எழுதித் தந்தார்கள். அங்கே வரும் நோயாளிகள் எல்லோரிடமும் நோய்க் குறிப்புக்காக அப்படி ஒரு கொப்பி இருந்தது.

நான் ஒருகாலத்தில் விசரர் என்று சொன்ன ஆட்களுக்கு நடுவே வாங்கில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பள்ளிச் சீருடையில் மகளோடு வந்த தாய். மறுபக்கம் வங்கி ஊழியர்போல் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர். அவர் வேலைக்குப் பிந்துகிறதென்று மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

நாற்பத்திமூன்று

எட்டரைக்குப் பதினேழாம் நம்பர். ஒன்பது மணிக்கு இருபத்தைந்து. காலைப் பயம் இன்னும் இறங்கவில்லை. வாய் உலர்ந்திருந்தது. றீட்டா தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள். மூடியைத் திறக்க என் கை உதவவில்லை. அவள் திறந்து தந்தாள்.

ஒன்பதரைக்கு முப்பத்தாறு. அப்போதுதான் அது நடந்தது. சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட, அதை வைத்து ஒரு பகிடி என் தலைக்குள் தானாக உருவானது. நெஞ்சில் ஒரு கயிறு தளர்ந்தது.

எனக்குச் சுகம் வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் வேறெந்த நாளிலும் சுகம் வருவதைக் கண்டு நான் அப்படி நடுங்கியதில்லை. இன்னும் ஏழு பேர். உள்ளே போகும்போது மறுபடியும் அந்தக் கொலோன் மனிதன்தான் போவான். டொக்டர் சிரிப்பார். அதே குளிசை. நாளைக்கு விடிய நாலு மணிக்கு மறுபடியும் அதே கிணறு.

றீட்டா என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்திட்டாரா?"

"ஆர்?"

"பின்னேரத்து ஐயா."

"வாசலடியில நிக்கிறார்."

"கொஞ்சம் அங்கயே நிக்கச் சொல்லுங்கோ."

பத்து மணிக்குச் சற்று முன் கூப்பிட்டார்கள். அதே டொக்டர்தான். ஆனால் மேசை சிறியது, மேலே மின்விசிறி கடகடத்தது. என் சாரத்தையும் தாடியையும் பார்த்தார்.

"எப்பிடி அங்கிள்?"

பழைய கப்பல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"டொக்டர், நான் இப்ப பகிடி விட வெளிக்கிட்டனான். விட்டா நம்பாதேங்கோ."

"நம்பமாட்டன். காலமை எப்பிடி இருக்கும் எண்டு சொல்லுங்கோ."

நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்தவன். பத்திரிகையில் எழுதுகிறவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வசனம்கூட இருக்கவில்லை. "பயம்," என்றேன். "ஒரு மாதிரி…" என்றேன். நின்றுவிட்டது.

றீட்டா மெதுவாகச் சொன்னாள்:

"நெஞ்சில ஈரச் சாக்கொண்டு போட்ட மாதிரி, டொக்டர். வாயில துருக்கறள் மாதிரி ஒரு கயர் ருசி. ஆர் கதைச்சாலும் பக்கத்து வீட்டில கதைக்கிற மாதிரித்தான் கேக்கும். கண் முழிச்ச உடன, ஐயோ திரும்பவும் விடிஞ்சிட்டே எண்டு இருக்கும். பிள்ளையின்ட முகத்தைப் பாத்தாலும் ஒண்டும் வராது. அதுதான் எல்லாத்திலயும் பயம்."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி. ஒவ்வொரு சொல்லும் சரி.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. "இதெல்லாம் அங்கிள் உங்களுக்குச் சொன்னவரா?"

"இல்லை."

எங்கள் வீட்டில் காலையில் பிள்ளை இருந்தது கொட்டாஞ்சேனையில்தான் என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

"அன்ரி, உங்களுக்குக் கடைசியா எப்ப இப்பிடி இருந்தது?"

றீட்டா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"இண்டைக்குக் காலமை," என்றாள்.

கதவுக்கு வெளியே

அதற்குப் பிறகு நான் பேசினேன். டொக்டரைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும், ஒரு டொக்டர் இவவைக் காலமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர், நான் கூட்டிக்கொண்டு போகவில்லை, வெட்கம்தான் காரணம் என்றேன். அவள் எழும்பியதைச் சுகம் என்று நினைத்தேன் என்றேன். அவள் அந்த ஈரச் சாக்கை நெஞ்சில் சுமந்துகொண்டு எழும்பியிருக்கிறாள். என் தேத்தண்ணியை வைத்திருக்கிறாள். போன மாதங்களில் என் காலையும் நிலத்தில் வைத்துவிட்டிருக்கிறாள்.

"சரி அங்கிள். இண்டைக்காவது கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்தானே," என்றார் டொக்டர், ஆறுதலாக.

"இவர் எங்க கூட்டிக்கொண்டு வந்தவர்?" என்றாள் றீட்டா. "நான் எல்லே இவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

டொக்டர் என் கொப்பியில் மருந்தை மாற்றி எழுதினார். வேலை செய்ய நாலைந்து கிழமை எடுக்கும், அதற்குள் மனம் மோசமான பக்கம் போனால் ஒரு நிமிடமும் பிந்தாமல் மனைவியிடமும் தன்னிடமும் சொல்லவேண்டும் என்றார். ஹெந்தளை வாசகிக்காகச் சொல்கிறேன்: அந்த மருந்து இப்போது வேலை செய்கிறது. எல்லா நாளும் இல்லை. நேற்றுக்கூட வெங்காயம் உரித்தேன்.

பிறகு அவர் சிற்றூழியரைக் கூப்பிட்டு, றீட்டாவுக்கு இன்னொரு கொப்பி கொண்டுவரச் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த பெண் டொக்டர் புது ஆட்களோடு ஆறுதலாகக் கதைப்பார் என்றார்.

நானும் எழும்பி றீட்டாவுக்குப் பின்னால் நடந்தேன். பழக்கம். அறை வாசலில் றீட்டா திரும்பினாள்.

"நீங்க இருங்கோ."

கதவு சாத்தப்பட்டது.

வாங்கில் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவளுடைய குரல் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை, குரல் மட்டும்தான். அது நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. என் பெயரைச் சொல்வாளா, எதைச் சொல்வாள், எந்த வருடத்தில் நிற்கிறாள். உள்ளே போய் ஒன்றிரண்டைத் திருத்தவேண்டும்போல், விளக்கவேண்டும்போல் ஒரு தவிப்பு. ஒருமுறை எழும்பிக் கதவுவரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். கண்களைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கையில் அவளுடைய கொப்பி.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கில்லை," என்றாள்.

"ஓம்," என்றேன்.